இடது காலில் பிரேக்

"மாமா, குறுக்க ஆள் வந்தா இந்த வண்டி தானா நின்னுக்குமா?"

மாம்பழச்சாலை ஜட்கா ஸ்டாண்டில் பாப்பாயி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அவள் கை காட்டியது ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளை. அதன் மேல் உட்கார்ந்திருந்த வீரமலைக்கு அது சொந்தமில்லை. வாழைக்காய் மண்டியின் பெரிய தரகர் அழகர்சாமியின் வண்டி. மாலையில் மண்டி ஓய்ந்ததும் இரவல் வாங்கி, ஒரு மாதமாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

"வண்டி எதுக்கு நிக்கணும்? ஆள்தான் ஒதுங்கணும்" என்று சிரித்தான் வீரமலை.

"எங்க சிங்காரி நின்னுக்கும். அப்பா கடிவாளத்தைக் கூட இழுக்காது."

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன வாய்?" என்று அதட்டினான் அவள் அப்பா மருதை. குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தவனின் முகத்தில் பெருமை தெரிந்தது. மகள் சொன்னது பொய்யில்லை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கும் வயதான அம்மாள்கள் மற்ற ஜட்காக்களை விட்டுவிட்டு மருதை வண்டிக்காகக் காத்திருப்பார்கள். எதிரே நாய் பாய்ந்தாலும், காதருகே வெடி வெடித்தாலும் சிங்காரி அசையாமல் நிற்கும். ஜட்காக்காரனுக்குப் பேர் என்பதே அதுதான். ஒரு தடவை குதிரை மிரண்டுவிட்டால் அப்புறம் யாரும் ஏறமாட்டார்கள். லைசென்ஸுக்கு அடையாளமாகக் கையில் கட்டியிருக்கும் பித்தளை வில்லையையும் அதிகாரிகள் வாங்கிக்கொண்டு விடுவார்கள்.

அது 1964, சித்திரை மாதம். அந்த மாதக் கடைசியில் முசிறிப் பக்கம் சூறைக்காற்று அடித்து வாழை சாய்ந்தது.

காற்றடித்த மறுநாள் சாய்ந்த தார்களை வாங்கத் தரகர்கள் தோட்டங்களுக்கு ஓடுவார்கள். யார் முதலில் போய் வாழைத்தாரின் காம்பில் சுண்ணாம்புப் புள்ளி வைக்கிறாரோ அவருக்குத்தான் தார். மற்றவர் தொடமாட்டார். எழுதி வைக்காத சட்டம், ஆனால் மண்டியில் யாரும் மீறியதில்லை. சின்னத் தரகனான வீரமலை முதல் பஸ்ஸில் போனான். அதற்குள் அழகர்சாமி புல்லட்டில் வந்து, புள்ளி வைத்து, போயே போய்விட்டிருந்தார். அந்த ஆத்திரத்தில் வீரமலை செய்யக்கூடாததைச் செய்தான். நாற்பது தாரில் இருந்த புள்ளியைத் துண்டால் துடைத்துவிட்டுத் தன் புள்ளியை வைத்தான்.

மறுநாள் மண்டி நடுவில், சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும், அழகர்சாமி காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அடித்தார்.

"என் வண்டியில பழகி, என் தாரையே திருடுறியாடா?"

வீரமலை வாழைச்சீப்பு அறுக்கும் கத்தியை எடுத்துவிட்டான். நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். ஒருவனுடைய முழங்கை கிழிந்து ரத்தம் வாழை இலையில் சொட்டியது. "அடுத்த காத்துக்கு உனக்கு முன்னால முசிறியில நிப்பேன். இல்லேன்னா என் பேரு வீரமலை இல்ல" என்று கத்திக்கொண்டே வெளியே போனான்.

அடி வாங்கிய கன்னத்தோடு மகன் ஊருக்கு வந்து நின்றதைப் பார்த்து, அவன் அப்பா பெரியண்ணன் பெட்டியைத் திறந்தார். வாழை விற்ற பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் வீரமலை திருச்சியில் ஒரு வண்டிக்கடைக்கு வண்டி வாங்க வந்தான். அந்தக் கடையின் மெக்கானிக் கிளமென்ட். பாலக்கரைக்காரர், ஐம்பது வயது. காதில் பென்சில் செருகியிருப்பார். விற்பது முதலாளியின் வேலை. ஆனால் யாருக்கு எது பொருந்தும் என்று சொல்வது கிளமென்ட்தான்.

"எனக்கு வேகமா போற வண்டி வேணும்ணே. புல்லட்டை அடிக்கணும்."

"எதுக்கு அடிக்கணும்? அது பாட்டுக்கு அது போகட்டுமே."

அங்கே மூன்று வண்டிகள் நின்றன. ஒரு புல்லட். வெள்ளைக்காரன் காலத்து இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்று, சக்கரத்தருகே எண்ணெய் கசிந்திருந்தது. மூன்றாவது, மைசூரிலிருந்து வந்த புது ஜாவா. குங்குமச் சிவப்பு. டாங்கின் இரு பக்கமும் கண்ணாடி போல மின்னியது. வீரமலையின் கண் அதிலிருந்து நகரவில்லை.

"ஏறி உக்காரு. ரெண்டு காலும் தரையில படியுதா? சரி, கண்ணை மூடிக்க" என்றார் கிளமென்ட். சட்டென்று தரையில் ஒரு ஸ்பானரைப் போட்டு, "ஆடு! ஆடு!" என்று கத்தினார்.

வீரமலையின் இடது கால் டக்கென்று அழுத்தியது.

"கண்ணைத் திற. எதை மிதிச்சிருக்கே பாரு."

"பிரேக்கை."

"கியரை மிதிச்சிருக்கே தம்பி. நீ பழகினது புல்லட்டு. அதுல பிரேக்கு இடது கால்ல, கியரு வலது கால்ல. இதுல அப்படியே மாத்தி. அதோட இந்தக் கியரை மிதிச்சா கிளட்ச்சும் தானா விடுபட்டுக்கும். இறக்கத்துல நீ பிரேக்குன்னு நினைச்சு இதை அழுத்தினா வண்டி நிக்காது, கட்டவுத்து விட்ட மாதிரி ஓடும். வண்டி மேல குத்தமில்ல. அருமையான வண்டி. ஆனா உன் காலுக்கு அது தெரியல."

"ரெண்டு நாள்ல தெரிஞ்சுட்டுப் போகுது."

"ஒரு மாசம். பொன்மலை மைதானத்துல காலையில ஓட்டு, நான் கூட வரேன். இல்லேன்னா புல்லட்டை எடு. அவசரத்துல மனுசனுக்கு மூளை வேலை செய்யாது, காலுதான் வேலை செய்யும்."

புல்லட்டை எடு என்ற சொல்தான் அவனைச் சுட்டது. அழகர்சாமியின் வண்டியையே தானும் வாங்குவதா? வீரமலை இறங்கி வந்து கிளமென்டின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "அழகர்சாமி சொல்லிக் கொடுத்தானா உனக்கு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓங்கி அறைந்தான். காதிலிருந்த பென்சில் தெறித்து விழுந்தது. கிளமென்ட் கன்னத்தைத் தடவிக்கொண்டார். முதலாளி போலீஸைக் கூப்பிடப் போனார். கிளமென்ட் தடுத்துவிட்டார்.

"விடுங்க முதலாளி. சின்னப் பையன், எங்கேயோ வாங்கினதை இங்கே கொடுக்கிறான்." பிறகு குனிந்து, ஜாவாவின் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். முன்னும் பின்னும் எல் போர்டைக் கட்டிவிட்டார். "முன் பிரேக்கு கையில இருக்கு. அதையாவது மறந்துடாதே" என்றார்.

முன் பிரேக்கைத் தொட்டால் குட்டிக்கரணம் அடித்துவிடுவாய் என்று அழகர்சாமி அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீரமலை அதைத்தான் நம்பினான்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் பிள்ளையாருக்கு முன் வண்டியை நிறுத்திப் பூஜை போட்டான். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு கிளம்பினான். கும்பிடத் தோன்றியதே தவிர, கும்பிட்ட நேரத்தில் அவன் மனதில் இருந்தது அழகர்சாமியின் முகம்தான். சாமி என்ன செய்யும்?

காவிரிப் பாலத்தில் ஏறினான். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினான். பாலம் முடிந்து மாம்பழச்சாலைக்கு இறங்கும் சரிவு வந்தது.

மருதையின் ஜட்கா அப்போதுதான் ஸ்டாண்டிலிருந்து சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டியில் ஆள் இல்லை. சிங்காரி சிவப்பு வண்டியைப் பார்த்தது. பத்து வருஷமாக எப்படி நிற்குமோ அப்படியே, சாலை நடுவில், காதை விறைத்துக்கொண்டு நின்றது.

வீரமலை அழுத்தினான். இடது காலால், எலும்பு நோக அழுத்தினான். வண்டி நிற்கவில்லை. எஞ்சின் பிடி விட்டு, சரிவில் இன்னும் வேகமாக உருண்டது.

சிவப்பு வண்டி குதிரையின் முன்னங்காலில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. ஏர்க்கால் உடைந்து, ஜட்கா குடை சாய்ந்து, மருதை தலைகீழாகச் சாலையில் விழுந்தான். அவனுடைய இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியது. வீரமலை குதிரையின் மேலாகப் பறந்து சாக்கடை ஓரத்தில் விழுந்தான்.

குதிரை கத்தியது. குதிரை அப்படிக் கத்தும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. எழுந்திருக்கப் பார்த்து, முறிந்த காலை ஊன்றி, மறுபடி விழுந்தது. மூன்று தடவை அப்படிச் செய்தது.

ஸ்டாண்டில் இருந்த ஜட்காக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் தங்கையன், மருதையின் மச்சான். வீரமலையின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான்.

"எழுந்திருடா. எழுந்து அதைப் பாருடா."

முதல் அடி சாட்டைக் கம்பால் விழுந்தது. பிறகு எது எதால் விழுந்தது என்று வீரமலைக்குத் தெரியவில்லை. முளைக்குச்சி, கடையாணி, செங்கல். கையை மறைத்தான். மறைத்த வலது கையின் மேல் ஒருவன் முளைக்குச்சியை இறக்கினான். இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கின. உதடு கிழிந்தது. ஒரு பல் நாக்கில் உருண்டது. அடிப்பவர்களில் பாதிப் பேர் மருதையைத் தெரியாதவர்கள், சும்மா போன வழியில் நின்றவர்கள். கூட்டத்தில் அடிப்பவனுக்குத் தன் கை என்ற நினைப்பு இருப்பதில்லை. அதுதான் கூட்டத்தின் பயங்கரம்.

அதற்கிடையில் தங்கையன் ஜட்காவில் முளை அடிக்க வைத்திருந்த இரும்புக் கடப்பாறையை உருவிக்கொண்டு குதிரையிடம் போனான். அதன் கண்ணைத் தன் துண்டால் மூடினான். ஒரே அடி. கத்தல் நின்றது. அந்த அமைதி கத்தலைவிட மோசமாக இருந்தது. தங்கையன் கடப்பாறையோடு திரும்பி வீரமலையை நோக்கி வந்தான். அழுதுகொண்டே வந்தான்.

"இவனைப் புடிங்கடா. தலையைத் தரையில அமுக்குங்க."

இரண்டு பேர் அமுக்கினார்கள். வீரமலையின் கன்னம் சூடான தார் ரோட்டில் ஒட்டியது.

"விடுங்கடா!"

மருதை. ஒரு கையைத் தரையில் இழுத்துக்கொண்டு முட்டி போட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"விடுங்க. அவன் மேல தப்பு இல்ல. சிங்காரிதான் மிரண்டுட்டா. குறுக்க பாஞ்சிட்டா."

கடப்பாறை அப்படியே நின்றது.

"யாரு மிரண்டா? சிங்காரியா? நீ என்ன மாமா உளர்றே?"

"கடிவாளம் புடிச்சிருந்தவன் நான்டா. எனக்குத் தெரியாதா? மிரண்டுட்டா. பையனை விடு."

ஜட்காக்காரன் தன் குதிரையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை பொய்யாகச் சொல்லமாட்டான். அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும். கைகள் ஒவ்வொன்றாக விட்டன. தங்கையன் கடப்பாறையைச் சாக்கடையில் எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

மருதை குதிரையின் பக்கம் திரும்பவில்லை. "அவனுக்குத் தண்ணி கொடுங்க" என்றான். யாரோ குதிரைக்கு வைத்திருந்த வாளியை எடுத்து வந்தார்கள். கொள்ளு வாடை அடித்த அந்தத் தண்ணீரை வீரமலை ரத்தத்தோடு விழுங்கினான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து எழுதினார். மருதை அதையே மறுபடியும் சொல்லிப் பெருவிரல் வைத்தான். வீரமலையிடம் கேட்டபோது அவன் வாயில் துணி அடைத்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினான். வாய் திறக்க முடியாததால் ஆட்டியதாகப் பிற்பாடு தனக்குள் சொல்லிக்கொண்டான். அது பாதிதான் உண்மை.

மருதையின் கை கூடுவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. உறவுக்காரர்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு வயதான குதிரை வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அதிகாரிகள் வாங்கிக்கொண்டுபோன வில்லை திரும்பக் கிடைக்கவில்லை. மிரளும் குதிரையை ஓட்டி விபத்து என்று அவன் வாயாலேயே சொல்லி, கைநாட்டும் வைத்த காகிதம் இருந்தது. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குதிரை கொட்டடியில் நின்று தீனி தின்றது. மருதை வாழைக்காய் மண்டிக்குச் சுமை தூக்க வந்தான்.

அங்கேதான் வீரமலை அவனை மறுபடி பார்த்தான். கோணலாகக் கூடிய கையால் தாரைத் தோளில் ஏற்ற முடியாமல் மருதை தடுமாறினான். ஏற்றிவிட நின்ற ஒருவன் சிரித்தான்.

"என்ன மருதை, தாரும் மிரளுதா? பாத்துய்யா, குறுக்க பாஞ்சிடப் போகுது."

நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

வீரமலை தராசுக் கொக்கியோடு பாய்ந்தான். சிரித்தவனைத் தாரோடு தாராகக் கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, கொக்கியின் பிடியால் வாயிலேயே குத்தினான். இரண்டாவது குத்தில் பல் உடைந்தது. மூன்றாவது குத்து விழுவதற்குள் ஒரு கோணல் கை அவன் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பின்னால் இழுத்தது.

"எந்திரி! எந்திரிடா!" மருதைதான். இழுத்துக்கொண்டுபோய் மண்டிக்குப் பின்னால், அழுகிய தண்டுகள் குவிந்த இடத்தில் தள்ளினான். "யாரைக் கேட்டுடா எனக்காக அடிச்சே?"

"அவன் உங்களைப் பாத்துச் சிரிச்சான்ணே."

"சிரிக்கட்டும். நீ அவன் பல்லை உடைச்சா என் பேரு திரும்பி வந்துடுமா? இன்னும் ஒருத்தன் ரத்தம்தான் என் கணக்குல ஏறும்."

வீரமலை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பணம். மருதை அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "உள்ள வை. என் மச்சான் சாகக் கெடந்த குதிரையை ஒரே அடியில அடிச்சான். அதுக்கு நோகக்கூடாதுன்னு. நீ என்னைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கிறே தம்பி."

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க அன்னிக்கு?"

மருதை தோளில் ஒட்டியிருந்த வாழைச் சாற்றைச் சுரண்டினான்.

"பாப்பாயிக்கு இன்னும் நம்பிக்கை வரல. சிங்காரி மிரளாதுப்பா, மிரளாதுப்பான்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நான் அதுகிட்டயும் பொய்தான் சொல்றேன். அன்னிக்கு ஒரு உசிரு போயிடுச்சு, தம்பி. தங்கையன் கையில இன்னொண்ணு போயிருந்தா அவனும் தூக்குக்குப் போயிருப்பான். அம்புட்டுத்தான். ரெங்கநாதருக்குத் தெரியும்." சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு உள்ளே போனான்.

அன்று சாயங்காலம் வீரமலை வண்டிக்கடைக்குப் போனான். நசுங்கிய ஜாவாவைக் கிளமென்ட் எப்போதோ வண்டி வைத்து எடுத்துவந்து நிமிர்த்தியிருந்தார். டாங்கில் மட்டும் ஒரு சொட்டை இருந்தது. கிளமென்ட் அவனைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அறை வாங்கியதைப் பற்றி அவர் அதன் பின் பேசியதே இல்லை.

"அண்ணே, மோதினவன் கைப்பட எழுதிக் கொடுத்தா மறுபடி விசாரிப்பாங்களாமே. நிஜமா?"

"ஆமா. எழுதினவன் மேல கேஸும் வரும். எல் போர்டுக்காரன், பக்கத்துல பழக்கினவன் இல்லாம ஓட்டினது, ஆள் மேல மோதினது. உள்ள போக வேண்டியிருக்கும்."

வீரமலை டாங்கின் சொட்டையைத் தடவினான். பிறகு மெல்லக் கேட்டான். "பிரேக்கு புடிக்கலன்னு எழுதினா? வண்டியிலதான் கோளாறுன்னு..."

கிளமென்ட் எழுந்தார். ஜாவாவைக் கடைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், உதைத்துக் கிளப்பி, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வேகமாக வந்தார். வீரமலையின் முட்டிக்கு ஒரு சாண் முன்னால், வலது காலை அழுத்தினார். வண்டி தரையில் ஆணி அடித்தது போல நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீரமலை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தான். வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். எழுத்து சின்னப் பிள்ளை எழுதியது போல வந்தது. மூன்று காகிதம் வீணாயிற்று. முதல் காகிதத்தில் அழகர்சாமி செருப்பால் அடித்ததை எழுதியிருந்தான். அதைக் கிழித்தான். இரண்டாவதில் தான் வாங்கிய அடிகளை எழுதியிருந்தான். அதையும் கிழித்தான். மூன்றாவதில் அடித்தவர்களின் பெயர் வந்துவிட்டது.

நாலாவதில் இவ்வளவுதான் இருந்தது:

"குதிரை மிரளவில்லை. நின்றது. நான்தான் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தேன். எனக்கு அந்த வண்டி பழக்கமில்லை என்று மெக்கானிக் சொல்லியும் கேட்கவில்லை. கூட்டம் என்னைக் கொன்றுவிடும் என்று பயந்து மருதை அப்படிச் சொன்னார். அவர் மேல் தவறில்லை. நான் எங்கும் ஓடமாட்டேன். மண்டியில் இருப்பேன்."

கீழே அப்பா பெயரோடு தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

உச்சி வெயில். மாம்பழச்சாலையில் கடைகள் அடைத்திருந்தன. ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வண்டியும் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சாலையில் ஒரு நாய் கூட இல்லை. வீரமலை தபால் பெட்டியின் முன் நின்று, உறையின் மேல் எழுதியிருந்த போலீஸ் ஸ்டேஷன் விலாசத்தை ஒரு தடவை வாசித்துப் பார்த்தான். கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டான். உள்ளே வேறு தபால் இல்லை போலிருக்கிறது. அடித் தகட்டில் அது விழுந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.